வட்டத்தைவிடப் பெரிய சதுரம்

வியாழக்கிழமை காலை நல்லசிவத்துக்குக் காவி என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை பொழுது விடிந்ததும் குரு பேச்சியம்மாள் அவன் முன்னால் ஓர் ஓலைப்பெட்டியை வைத்தார்.

"படிச்சிட்டு அடுப்புல போட்டுரும் வாத்தியாரே."

அது அந்த மடத்தின் வழக்கம். மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்த சின்ன மடம். சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு வீட்டுக் கடிதம் எதுவும் சீடன் கைக்கு வராது. குருதான் படிப்பார். சாவு, நோவு என்றால் வாயால் சொல்வார். மற்றதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். காவி வாங்குவதற்கு முந்தின நாள் பெட்டி கைக்கு வரும். படித்து எரித்த பிறகும் மனம் ஆடாமல் நின்றால் மறுநாள் காவி. அதன் பிறகு ஊர் என்றோ வீடு என்றோ பேச்சில்லை.

பேச்சியம்மாள் போட்ட விதி அல்ல அது. அவருடைய குரு போட்டது. "எனக்குக் குடுத்ததை நான் அப்படியே குடுக்கேன்" என்பார்.

நல்லசிவத்தைவிட அவர் நாலு வயதுதான் மூத்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டித்தான் வாசிப்பார். நல்லசிவமோ தொடக்கப் பள்ளியில் பதினாலு வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, இதெல்லாம் எதற்கு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இந்தக் கேள்வி எல்லா வாத்தியாருக்கும் வருவதுதான். மற்றவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். நல்லசிவம் மடத்துக்கு வந்துவிட்டான்.

வீட்டில் பகவதி என்று ஒரு மனைவி, கோமதி என்று ஏழு வயதில் ஒரு மகள். ஞானம் தேடிப் போகிறவர்களின் கதைகளில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை. இவன் கதையிலும் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான். அடுப்பில் கஞ்சிக்கு உலை கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். உள்ளே மூன்றே மூன்று கடிதங்கள்.

பத்துப் பதினைந்தாவது இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படி நினைத்திருந்தான் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மேலே இருந்தது அண்ணன் மகனின் காதுகுத்து அழைப்பிதழ். படித்தான், அடுப்பில் போட்டான்.

அடுத்தது பகவதி எழுதிய அஞ்சலட்டை. "கோமு பெரியவளாகிவிட்டாள். பதினாறாம் தேதி தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். தெரிவிக்க வேண்டும் என்று தெரிவிக்கிறேன்." அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு அதையும் போட்டான். கை நடுங்கவில்லை. பரவாயில்லையே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

அடியில் இருந்ததுதான் பழையது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். தேதியைப் பார்த்தான். ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. கோமுவுக்கு அப்போது பத்து வயது.

"அன்புள்ள அப்பாவுக்கு கோமதி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எனக்கு ஒரு கணக்கு வரவில்லை. திறனறித் தேர்வு வகுப்பில் கொடுத்தது. வட்டத்தின் ஆரம் 7 செ.மீ. அதற்குள் ஒரு சதுரம் இருக்கிறது. நான்கு மூலையும் வட்டத்தைத் தொடுகிறது. சதுரம் போக மீதியுள்ள நிழலிட்ட பகுதியின் பரப்பளவு எவ்வளவு? எனக்கு வட்டம் 154 வந்துவிட்டது. விட்டம் 14. அதனால் சதுரம் 14 பெருக்கல் 14, 196. ஆனால் 154-இல் 196 போகாதே. திரும்பத் திரும்பப் போட்டேன். அதேதான் வருகிறது. எல்லாரும் 196-இல் 154-ஐக் கழித்து 42 என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட எப்படி அப்பா பெரிதாக இருக்கும்? உங்களுக்குத் தெரியும். பத்து நாளில் நோட்டு வைக்க வேண்டும். காம்பஸ் இல்லை, டம்ளரைக் கவிழ்த்து வரைந்தேன். முத்தங்களுடன் கோமு."

கீழே படம். சதுரத்துக்கு வெளியே இருந்த நாலு துண்டுகளிலும் பென்சிலால் சாய்வுக்கோடுகள் போட்டிருந்தாள். ஒரு கோடுகூட சதுரத்துக்குள் போகவில்லை.

அழுகை வருவதற்கு முன்னால் வாத்தியார் வந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் பாலும் பழமும் விட்டு, வாய்பேசாமல் கிடந்து, வெளியே அனுப்பிவிட்டதாக நினைத்திருந்த அந்த வாத்தியார்.

"அடியே, அது மூலைக்கு மூலைடீ. பக்கமில்லை," என்றான் வாய்விட்டு.

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தான். தரையில் வட்டம் போட்டான். உள்ளே சதுரம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு. அந்தக் கோடுதான் பதினாலு. அது சதுரத்தை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறது. ஒரு முக்கோணத்துக்கு அடி பதினாலு, உயரம் ஏழு, பரப்பு நாற்பத்தொன்பது. இரண்டும் சேர்ந்து தொண்ணூற்றெட்டு. நூற்றைம்பத்துநாலில் தொண்ணூற்றெட்டு போனால் ஐம்பத்தாறு.

ஐம்பத்தாறுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. சிரித்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டுப் போக, இவள் ஒருத்தி மட்டும் அது தகாது என்று உட்கார்ந்திருக்கிறாள். என் பிள்ளை என்று நெஞ்சு விம்மியது. நாளைக்குக் காவி வாங்கப்போகிறவனுக்கு இருக்கக்கூடாத பெருமை.

கடிதத்தை இன்னொரு முறை படித்தான். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட எப்படி அப்பா பெரிதாக இருக்கும்?

சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தக் கேள்வி அவன் காதில் முன்பே விழுந்திருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் காலைக் கஞ்சி குடித்து முடித்த நேரம். பதினோரு சீடர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் நேராக அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வாத்தியாரே, ஒரு வட்டம். அதுக்குள்ள ஒரு சதுரம். கணக்குப் போட்டா உள்ள இருக்கது வெளிய இருக்கதைவிடப் பெருசா வருது. அது எப்படி?"

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டான். மடத்தில் சேர்ந்து மூன்று வருஷத்தில் குரு அவனிடம் கேட்ட முதல் கேள்வி. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து சொன்னான்: "எல்லையைப் போட்டது நாம். உள்ளே இருப்பதற்கு எல்லை கிடையாது. அதனால் அது பெரிது."

பதினோரு தலையும் ஆடியது. ஒருவர் எழுந்துவந்து அவன் காலைத் தொட்டார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சீரா? வேற ஒண்ணும் இல்லையா?"

"வேறொன்றும் இல்லை."

"அவ்வளவுதானா வாத்தியாரே?"

குரு தன் உறுதியைச் சோதிக்கிறார் என்று அவன் நினைத்தான். மூன்றாவது முறை பதில் சொல்லாமல் புன்னகை செய்தான். பேச்சியம்மாள் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து மடத்துக்கு யார் வந்தாலும் அவன் அந்தக் கேள்வியைப் போடுவான். அவர்கள் விழிப்பார்கள். அவன் பதிலைச் சொல்வான். அவர்கள் கையைக் கூப்புவார்கள். ஒன்பது வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொன்னான் என்று கணக்கில்லை. ஆனால் அவன் அதை ஆரம்பித்தாலே பேச்சியம்மாளுக்கு மாட்டுத்தொழுவத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். அது இப்போதுதான் உறைத்தது.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினான்.

பேச்சியம்மாள் சோற்றுப்பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எரிச்சாச்சா?"

"ரெண்டை எரிச்சிட்டேம்மா."

"ம்."

"அம்மா, அந்த வட்டமும் சதுரமும்... அது என் மக கேட்டதா?"

"ஆமா."

"எனக்கு வந்த கடிதாசியை நீங்க..."

"கடிதாசியைக் குடுக்கக்கூடாதுன்னுதான் விதி. கேள்வியைக் கேக்கக்கூடாதுன்னு இல்லையே. சின்னப்பிள்ளை கேட்டிருக்கா, பத்து நாளுன்னு கெடு வேற. அதான் மறுநாள் காலையிலேயே உம்மகிட்ட கேட்டுட்டேன்."

நல்லசிவம் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தான்.

"அது வேற கேள்வின்னு நினைச்சிட்டேம்மா."

"கணக்குப் போட்டான்னு சொல்லித்தான கேட்டேன்? நீரு கண்ணை மூடிக்கிட்டீரு."

"மூணு தடவை கேட்டீங்களே. என்னைச் சோதிக்கிறீங்கன்னு..."

"எனக்குத் தெரியாது, அதனால கேட்டேன். மூணாங் கிளாஸ் படிச்சவ உம்மை என்னத்தைச் சோதிக்க?"

பானையை ஒருமுறை தண்ணீரில் அலசினார். மறுபடியும் சாம்பலை அள்ளிப் போட்டார்.

"அப்ப அவளுக்குப் பதிலே போகலையா?" என்று கேட்டான் நல்லசிவம்.

பேச்சியம்மாளின் கை நின்றது.

"போச்சு," என்றார். "நான்தான் எழுதிப் போட்டேன்."

"என்ன எழுதினீங்க?"

"நீரு சொன்னதை. எல்லையைப் போட்டது நாம், உள்ள இருக்கதுக்கு எல்லை கிடையாது, அதனால அது பெருசு. எழுத்து மாறாம எழுதி, உங்க அப்பா சொன்ன விடைன்னும் எழுதினேன்."

"ஐயோ அம்மா."

"நீரு கணக்கு வாத்தியாரு. கணக்கைக் கேட்டேன், சொன்னீரு. பள்ளிக்கூடத்துல இப்ப இப்படித்தான் சொல்லிக் குடுக்காங்க போலன்னு இருந்துட்டேன். சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நல்லசிவம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"அதுக்கு அவ என்ன எழுதினா?"

"அது எனக்கு வந்த கடிதாசி. அதனால பெட்டியில போடலை."

"அம்மா, உங்க காலைப் பிடிக்கேன்."

பேச்சியம்மாள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார். அறைக்குள் போய் ஒரு தாளோடு திரும்பி வந்தார். மடிப்பு மடிப்பாக நைந்துபோயிருந்தது. அடிக்கடி எடுத்துப் படித்திருக்க வேண்டும். அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி பானைமுன் உட்கார்ந்தார்.

அதே நோட்டுத்தாள். அதே கையெழுத்து.

"மடத்து அம்மாவுக்கு வணக்கம். அப்பா சொன்ன விடையை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். டீச்சர் அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். பரவாயில்லை, கொஞ்ச நேரம்தான். அப்பாவுக்குக் கணக்கு மறந்துபோய்விட்டது போல. முன்பெல்லாம் எல்லாம் தெரியும். இதை அப்பாவிடம் சொல்லாதீர்கள் அம்மா. சொன்னால் வருத்தப்படுவார். இனி நானே போட்டுக்கொள்கிறேன். கோமதி."

கோமு என்று எழுதவில்லை. கோமதி என்று எழுதியிருந்தாள்.

நல்லசிவம் அழுதான். மடத்தில் பன்னிரண்டு வருஷமாக யாரும் கேட்டிராத அழுகை. மாட்டுத்தொழுவத்தில் இருந்த சீடர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பேச்சியம்மாளின் கண்ணும் கலங்கியிருந்தது.

"அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு," என்றார். "பிள்ளையைப் பெஞ்சு மேல ஏத்தினது நான் எழுதின எழுத்து. மறுபடி ஒரு கடிதாசி எழுதலாம்னு எத்தனையோ நாளு உக்காந்தேன். என்னன்னு எழுத? விடை எனக்குத் தெரியாதே."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லக்கூடாதுன்னு அவ எழுதியிருக்காளே."

நல்லசிவத்துக்கு அழுகை அடங்கிக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், எதிரில் இருந்தவர்மேல் பாய்ந்தது.

"அது பின்னால வந்தது! அன்னைக்குக் கஞ்சி குடிக்கிற எடத்துல, கேக்கது கோமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு நிமிஷக் கணக்கு. அந்த எடத்துலயே தரையில போட்டுக் காட்டியிருப்பேனே!"

பேச்சியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை கேட்டா அது கணக்கு. நான் கேட்டா அது ஞானமாக்கும்?"

நல்லசிவம் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

பானை வெள்ளையாகத் தேய்ந்துவிட்டது. பேச்சியம்மாள் அதைக் கவிழ்த்து வைத்தார். ஒரு சீடர் வந்து எடுத்துக்கொண்டு போனார். நாளைக்கு வேண்டிய காவிக்கல்லும் வேட்டியும் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நாளைக்கு எனக்குக் காவி வேண்டாம்மா," என்றான் நல்லசிவம்.

"சரி."

"ஊருக்குப் போறேன்."

"போவும். பதினோரு மணிக்கு ஆலங்குளம் பஸ் இருக்கு."

அவர் இவ்வளவு சுலபமாக விடுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தடுத்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். சமையல்கட்டுக்குப் போனான். தரையில் கரிக்கோட்டில் வட்டமும் சதுரமும் அப்படியே கிடந்தன. ஐம்பத்தாறுக்குக் கீழே இரண்டு கோடு. ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் வரிவரியாக எழுதிக்கொண்டான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு படியையும் எழுதினான். மூலைக்கு மூலை என்ற இடத்தில் அடிக்கோடு போட்டான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

பேச்சியம்மாள் வழியனுப்ப நின்றிருந்தார். சட்டைப்பையைப் பார்த்தார்.

"அது என்னது?"

"விடை. ஐம்பத்தாறும்மா. வழியெல்லாம் எழுதியிருக்கேன். வாசல்ல நின்னு முதல்ல இதைத்தான் குடுக்கப்போறேன்."

"இப்ப அவளுக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

நல்லசிவத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தாள் மொரமொரவென்றது.

"அவ கேப்பாம்மா," என்றான். "ஏன் அப்படிச் சொன்னீங்கன்னாவது கேப்பா. கணக்கு மறந்துபோச்சான்னு கேப்பா. அப்ப குடுப்பேன்."

"கேட்டா குடும்."

பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அவன் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தான். பத்து வயதுப் பிள்ளையின் முகம்போல இருந்தது அவன் முகம்.

"அம்மா, அவ ஒண்ணுமே கேக்கலைன்னா?"

பேச்சியம்மாள் அவன் தோளில் கிடந்த துண்டைச் சரியாகப் போட்டுவிட்டார்.

"கேட்ட அன்னைக்கு நீரு சொல்லலை வாத்தியாரே. கேக்காத அன்னைக்குச் சொல்லாதேயும்."